வசனத்தை வாட்ஸ்அப்பில் கேட்கும் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பிள்ளைகளின் கைபேசி நேரத்தைக் குறைப்பது பெற்றோரின் கடமை என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கடமையைச் செய்யப் புறப்பட்டால் முதலில் குறுக்கே நிற்பது நம் சபைதான் என்பதைத் தயக்கத்தோடு எழுதுகிறேன்.

குடும்ப ஜெபம் முடிந்ததும் எல்லாருடைய கைபேசியும் சமையலறை அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. ஒன்பது மணிக்கு என் 14 வயது மகள் வந்து, "அப்பா, வாலிபர் குழுவில் இன்றைய வசனத்தைப் போடாவிட்டால் என் பெயரை விட்டுவிடுவார்கள்" என்றாள். ஒரு நிமிட வேலைதானே என்று கொடுத்தேன். பதினொரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. வசனம் ஒன்பது மணிக்கே போய்விட்டது; அதன்பின் ஓடியதெல்லாம், ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தானாகக் கொண்டுவந்து நிறுத்தும் காணொளிகள். பெரியவர்களே தோற்கும் இடத்தில் அவளை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. நம் ஆராதனையிலோ, பிரசங்கம் முடியும்வரை மழலையரை அமைதியாக வைத்திருக்கக் கார்ட்டூன் ஓடுகிறது. நோவாவின் பேழைக் கதை என்பதால் அது திரை இல்லை என்று ஆகிவிடாது.

வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் பிள்ளைகளோடு தேவ வார்த்தையைப் பேசச் சொல்கிறது உபாகமம் 6:7. அந்த நான்கு வேளைகளையும் பறிகொடுத்ததில் என் கைபேசிக்கும் பங்குண்டு. "ஜெபத்தின் நடுவிலேயே நீங்கள் திருப்பிப் பார்த்தீர்களே" என்று மகள் கேட்ட அன்று என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குச் சொல்வது அன்றுதான் உறைத்தது. இப்போது அலமாரிக்கு முதலில் போவது என்னுடையதுதான்.

ஆகவே, வாலிபர் கூட்ட அறிவிப்புகளைப் பெற்றோருக்கு அனுப்பும்படியும், மனப்பாட வசனத்தை ஞாயிற்றுக்கிழமை நேரில் ஒப்புவிக்கச் செய்யும்படியும், ஓய்வுநாள் பள்ளியில் அச்சிட்ட வேதாகமத்தையே திறக்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொள்கிறேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குழு தேவைதான். அவர்களுக்கு மட்டும் அது தொடரட்டும். அடுத்த மூப்பர் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினால், மழலையர் பகுதியில் திரைக்குப் பதிலாகக் கதை சொல்ல முதல் மாதம் நானே வருகிறேன்.

கிறிஸ்துவுக்குள்,
சபையின் தகப்பன்மாரில் ஒருவன்