ஸ்டாக்ஸ் தட்டுகளுக்கு ஏன் இரண்டு சொந்தக்காரர்கள்?

அன்புள்ள கண்ணம்மா,

பாடகர்கள் ஓடிஸ் ரெட்டிங், ஐசக் ஹேய்ஸ் இரண்டு பேருமே அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள்தானே, பிறகு ஏன் ஓடிஸ் தட்டு ஒரு கம்பெனியிலிருந்தும் ஹேய்ஸ் தட்டு வேறு கம்பெனியிலிருந்தும் வருகிறது என்று கேட்டிருந்தாய். 1965இல் போட்ட ஒரு கையெழுத்துதான் காரணம்.

ஸ்டாக்ஸைத் தொடங்கிய ஜிம் ஸ்டூவர்ட் வங்கி ஊழியர், ஃபிடில் வாசிப்பவர். 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து ஆம்பெக்ஸ் 350 மோனோ ரெக்கார்டர் வாங்க வழிசெய்தார். 1960இல் மெக்லமோர் அவென்யூவில் இருந்த பழைய சினிமாக் கொட்டகைக்குக் குடிபோனார்கள். மேடை கன்ட்ரோல் ரூம் ஆனது. இருக்கைகளை எடுத்துவிட்டாலும் சரிவுத் தரையைச் சமப்படுத்தவில்லை. அந்தச் சரிவில்தான் ஸ்டாக்ஸ் சத்தமே இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, முன்பக்கம் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் நடத்திய ரெக்கார்டு கடைக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு. புதிய பாட்டைக் கடையில் ஓடவிட்டு, வந்தவர்கள் எதற்கு ஆடுகிறார்கள், எதற்கு முகம் சுளிக்கிறார்கள் என்று பார்த்துத் தம்பியிடம் சொல்வார்.

மோனோ என்றால் எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் பதிவாகும், பிறகு திருத்த வழியில்லை. பாடகர், டிரம்ஸ், ஊதுகருவிகள் எல்லாம் ஒரே தடவையில் டேப்பில் ஏறும். டிரம்பெட்காரர் ஒரு சுரம் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. யாருடைய சத்தம் தூக்கலாக வேண்டுமோ அவரை மைக் பக்கத்தில் நிறுத்துவதுதான் மிக்ஸிங்.

ரூஃபஸ் தாமஸும் மகள் கார்லாவும் சேர்ந்து பாடிய தட்டு மெம்ஃபிஸில் ஓடியதைப் பார்த்து, நியூயார்க் அட்லான்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் விநியோகத்தை எடுத்துக்கொண்டார். எல்லாம் வாய்ப்பேச்சு. 1961இல் கலிஃபோர்னியாவில் இன்னொரு சாட்டிலைட் இருப்பது தெரியவர, ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இரண்டையும் வெட்டி ஒட்டி ஸ்டாக்ஸ் ஆக்கினார்கள்.

1965இல் எல்லாம் எழுத்துக்கு வந்தது. வெக்ஸ்லர் அட்லான்டிக்கை விட்டுப் போனாலோ தன் பங்குகளை விற்றாலோ தாங்களும் விலகிக்கொள்ளலாம் என்ற பாதுகாப்பு ஸ்டூவர்ட்டுக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தது. அதே காகிதத்தில், அட்லான்டிக் விநியோகித்த பதிவுகளின் மாஸ்டர், அதாவது மூல டேப், உரிமை அட்லான்டிக்குக்கே என்ற ஷரத்தும் இருந்தது. வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட்டார். தட்டுகளைக் கடைக்குக் கொண்டுசேர்ப்பவனுக்கு விற்பனையில் பங்கு கொடுப்பது நியாயம். டேப்பையே எழுதிக்கொடுப்பது வேறு கணக்கு.

1967இல் அட்லான்டிக்கை வார்னர்-செவன் ஆர்ட்ஸ் வாங்கியது. விலகலாம் என்று ஸ்டூவர்ட் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தபோதுதான், விலகினால் வெறுங்கையோடு போக வேண்டும் என்பது தெரிந்தது. அந்த டிசம்பர் 10இல்தான் ஓடிஸ் விமான விபத்தில் இறந்திருந்தார். சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடி அட்லான்டிக் இரவல் கொடுத்த ஆட்கள். அவர்களும் திரும்பிப் போனார்கள்.

1968 மே மாதம் வெளிவந்த பழைய பாட்டு எதுவும் கையில் இல்லாத கம்பெனியாக ஸ்டாக்ஸ் மறுபடி ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் ஒரே வீச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார். வேகம் அதிகம்தான், ஆனால் கடை அலமாரியை நிரப்ப அவருக்கு வேறு வழியில்லை. ஹேய்ஸ் பெரிய பெயர் எடுத்தது அதில் ஒன்றால்தான். பிறகு 1972இல் சிபிஎஸ் ரெக்கார்டு கம்பெனியோடு செய்த விநியோக ஒப்பந்தமும் சிக்கலாகி, வங்கிக் கடன் கழுத்தை நெரித்து, 1975 டிசம்பரில் கதவு மூடப்பட்டது. 1968க்குப் பிந்தைய டேப்புகளை 1977இல் ஃபேன்டஸி என்ற கம்பெனி வாங்கியது; 2004 முதல் அவை கான்கார்டு என்ற கம்பெனியிடம்.

இனி பழைய 45 (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு) வாங்கும்போது லேபிளைப் பார். வெளிர்நீலத்தில் தட்டு அடுக்கு வரைந்த ஸ்டாக்ஸ் லேபிள் என்றால் அட்லான்டிக் காலம், இன்று வார்னர் சொத்து. மஞ்சளில் விரல் சொடுக்கும் கை இருந்தால் 1968க்குப் பிந்தையது. ஒன்றில் மட்டும் குழம்பாதே: அட்லான்டிக் வெளியிடாமல் விட்ட பழைய டேப்புகள் ஸ்டாக்ஸிடமே தங்கிவிட்டன. அதனால் பின்னாளில் வந்த சில ஓடிஸ் ஆல்பங்களில் ஸ்டாக்ஸ் பெயரைப் பார்த்தால் போலி என்று தள்ளிவிடாதே.

அன்புடன்,
அம்மா