கோயில் நாட்காட்டியும் பூச்சி மருந்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மானிடவியல் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பண்பாட்டை ஆராய வேண்டியவர்கள் இப்போது சுற்றுச்சூழல், அரசியல் என்று அலைகிறார்கள், சடங்கையும் உறவுமுறையையும் யார் பார்ப்பது என்பது எழுதியவரின் ஆதங்கம். நான் இந்தத் துறையில் பட்டம் வாங்கியவள் இல்லை. கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படிக்கிற வாசகி, அவ்வளவுதான். ஆனால் படித்த வரையில், சடங்கைப் பார்க்கப் போனவர்தான் பல இடங்களில் அரசியலிலும் பூச்சித் தாக்குதலிலும் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்தோனேசியாவின் பாலித் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நெல் வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபக் என்று பெயர். வாய்க்கால் நெடுகிலும் கோயில்கள். யார் எப்போது நடுவது, யார் எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதெல்லாம் அந்தக் கோயில் கூட்டங்களில்தான் முடிவாகும். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. புது ரக நெல், உரம், மருந்து எல்லாம் கையில் இருக்கிறதே, கோயில் நாட்காட்டி எதற்கு, முடிந்த மட்டும் அடிக்கடி நடுங்கள் என்றார்கள் அதிகாரிகள். நட்டார்கள். முதலில் விளைச்சல் ஏறியது. அப்புறம் தண்ணீருக்கு அடிதடி, வயலெல்லாம் புகையான் பூச்சி. மருந்தடித்தும் அடங்கவில்லை.

கோயில்களை ஆராயப் போன ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து கணினியில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லாரும் ஒரே நாளில் நட்டால் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும், பற்றாது. அவரவர் இஷ்டத்துக்கு நட்டால், பக்கத்தில் எங்கேயாவது ஒரு வயலில் பச்சைப் பயிர் நின்றுகொண்டே இருக்கும், பூச்சி அங்கே தாவிப் பிழைத்துக்கொள்ளும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அக்கம்பக்கத்து சுபக்குகள் சேர்ந்து நட்டு, அறுத்து, சேர்ந்தே தரிசு போட வேண்டும். அடுத்த கூட்டம் வேறு நாளில் தொடங்க வேண்டும். அப்போது தண்ணீரும் பற்றும், பூச்சியும் பட்டினி கிடக்கும். கணினி கண்டுபிடித்துக் கொடுத்த அந்த அளவு, கோயில்கள் ஏற்கெனவே வைத்திருந்த ஏற்பாட்டோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. 2012இல் யுனெஸ்கோ இந்த சுபக் நிலங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. (விவசாயிகள் சொன்னபோது காதில் விழாத விஷயம் கணினி சொன்னதும் விழுந்தது. அது தனிக் கதை.) இதில் எது பண்பாடு, எது சுற்றுச்சூழல், எது அரசியல் என்று கட்டுரையாளர் பிரித்துக் காட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, 2014இல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவிய மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் நடந்தது. கிஸ்ஸி இனத்தில் கர்ப்பிணி இறந்தால் சிசுவைத் தாயின் வயிற்றிலிருந்து எடுத்த பிறகே புதைக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்கே தீங்கு என்பது நம்பிக்கை. எபோலாவில் இறந்த உடலைத் திறப்பதோ பெரும் ஆபத்து. மருத்துவக் குழு மறுத்தது, குடும்பம் விடவில்லை. அங்கிருந்த மானிடவியலாளர் பெரியவர்களிடம் போய் ஒரு கேள்விதான் கேட்டார். முறைப்படி செய்ய முடியாமல் போனால் அதற்கு உங்கள் வழக்கத்தில் பரிகாரம் உண்டா? இருந்தது. பரிகாரச் சடங்குக்கான செலவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது, அடக்கம் நடந்தது. கட்டுரையாளர் தேடுகிற சடங்கு இதோ இருக்கிறது. அது தெரிந்த ஆள் நிற்க வேண்டிய இடம் அன்றைக்குப் பிணத்தருகேதான்.

சரி, அரசியல் பேசுவதால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஆனால் கட்டுரை அதை வேறெங்கோ தேடுகிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் சில மானிடவியலாளர்கள் ஆராய்ச்சி என்ற போர்வையில் அமெரிக்காவுக்கு உளவு பார்த்தார்கள் என்று 1919இல் ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மூத்த மானிடவியலாளர் 'தி நேஷன்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அதுவும் ஆசிரியருக்கு எழுதிய கடிதம்தான். அமெரிக்க மானிடவியல் சங்கம் உளவு பார்த்தவர்களை விட்டுவிட்டு, எழுதியவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதை ரத்து செய்ய 2005 ஆயிற்று. இரண்டே வருஷத்தில், 2007இல், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைகளோடு சமூக அறிவியல் படித்தவர்களை அனுப்பும் திட்டத்தை அமெரிக்க ராணுவம் தொடங்கியது. இந்த முறை சங்கம் அதை ஏற்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஒருவர் வெளிப்படையாக அரசியல் பேசினால் எனக்குப் பயமில்லை, மறுத்துப் பேசலாம். யாருக்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவரைத்தான் நம்ப முடியாது. வீட்டுக்குள் விட்டு, சோறு போட்டு, சொந்தக் கதையெல்லாம் சொன்னவர்களுக்கு அப்புறம்தான் விஷயம் தெரிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தத் துறை பற்றி வெளியிடும்போது, கருத்துக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு களக்குறிப்பை மொழிபெயர்த்துப் போடுங்கள். பத்து பக்கமானாலும் பரவாயில்லை, நாங்கள் படிப்போம். எழுதியவர் அந்த ஊரில் எத்தனை மாதம் இருந்தார், எந்த மொழியில் பேசினார், செலவுக்குப் பணம் யார் கொடுத்தார்கள் என்ற மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஒரு வாசகி