கேஸ் மாத்திரையை நானோவாக்கும் சென்னை ஆய்வாளர்களுக்கு

வணக்கம். வயிற்றில் அமிலத்தை அடக்கும் மருந்தை, கண்ணுக்கே தெரியாத நானோ துகளுக்குள் வைத்து, பக்கவிளைவைக் குறைக்கப் பார்க்கும் உங்களுக்குப் பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன்.

அப்பா ஆறு வருடமாக அந்த வகை மருந்தான பான்டோபிரசோல் 40 மில்லிகிராம் மாத்திரை போடுகிறார். முட்டிவலி மாத்திரைக்குத் துணையாகப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது. வலி மாத்திரை நின்றது, இது நிற்கவில்லை. 'கேஸ் மாத்திரை' என்றாலே கடையில் சீட்டு கேட்காமல் அட்டையை நீட்டுகிறார்கள். போன மாதம் ஒரு கால் செருப்பு கழன்றதே தெரியாமல் நாலு வீடு தாண்டிப் போய்விட்டார். சர்க்கரை இல்லை. நரம்புக்கு வேண்டிய பி12 விட்டமின்தான் குறைவு. இத்தனைக்கும் பி12 உள்ள மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். இந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

சட்டென்று நிறுத்தினோம். மூன்றாம் நாளே நெஞ்செரிச்சலில் தூக்கம் போனது. அமிலத்தை அடக்க அடக்க உடம்பு, அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் காஸ்ட்ரின் ஹார்மோனை ஏற்றிவிடுகிறது. மாத்திரை நின்றதும் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மருந்து சிறுகுடலில் கரைந்து, ரத்தம் வழியாகச் சுற்றி வந்துதான் இரைப்பையில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகளைப் பூட்டுகிறது. ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். அப்போது வேலை செய்யாத பம்புகள் தப்பிவிடும். துகள் மெல்ல மெல்ல மருந்தை விட்டால் குறைந்த அளவே போதலாம். நல்ல யோசனைதான். ஆனால் உணவிலிருந்து பி12 பிரிவதற்கே அமிலம் வேண்டும். நாள் முழுக்க இன்னும் நன்றாக அடக்கும் துகள், அப்பாவுக்கு இன்னும் கெடுதல் இல்லையா?

அதனால், மருந்து எத்தனை மணி நேரம் கசிந்தது, சோதனை எலிக்கு வயிற்றுப் புண் எவ்வளவு ஆறியது என்பதோடு நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் கொடுத்து, ரத்தத்தில் பி12, மக்னீசியம் குறைகிறதா என்று பாருங்கள். நிறுத்திய பிறகு அமிலம் எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள்.

இன்னொன்று. பல அல்சர்களுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி, இரைப்பையின் சளிப் படலத்தில் ஒளிந்திருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் அந்தச் சளியில் ஒட்டும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்காரர்களுக்கு இறால் ஓடு குப்பை! கைட்டோசனில் செய்த துகளில் ஆன்டிபயாட்டிக்கை வைத்துக் கிருமியையே தீர்த்துவிட்டால், அந்த நோயாளிகளுக்காவது வருடக்கணக்கில் மாத்திரை எதற்கு?

டாக்டர் சொன்னபடி அப்பா இப்போது 20 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறார். காலையில் அதைப் போட்டுவிட்டு, காபிக்காக அரை மணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் முடிவுகளைத் தமிழிலும் எழுதுங்கள், அந்த நேரத்தில் படிப்பார்.