உயிருள்ள பொடியை வெயிலில் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செடியின் இலையிலும் வேரிலும் குடியிருக்கும் தீங்கற்ற பாக்டீரியாக்கள் நோயைத் தடுப்பது பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு மறுநாளே கடைக்குப் போய் நிற்கும் விவசாயிக்கு வேண்டிய ஒன்று அதில் இல்லை: அந்தப் பாக்டீரியாப் பொடியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது.

அணைக்கட்டுப் பக்கம் எனக்கு அரை ஏக்கர் முள்ளு கத்தரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே காய்தான். (அதனால் சந்தையில் விலை ஏறியதா என்று மட்டும் கேட்காதீர்கள்.) போன வருடம் நாற்றங்காலில் அழுகல் வந்து, முளைத்த நாற்றெல்லாம் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டு நீர் கோத்து நூல் மாதிரி இளைத்திருந்தது. இத்தனைக்கும் கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா கலந்த பொடியை விதையில் பூசி, விதைநேர்த்தி செய்துதான் விதைத்தேன். அந்தப் பாக்கெட், கடை வாசலில் மேற்கு வெயில் விழும் இடத்தில், யூரியா மூட்டை மேல் கிடந்தது. தேதி மை அழிந்துபோயிருந்தது. கேட்டதற்கு, "மருந்துதானே, கெட்டா போயிடும்?" என்றார் கடைக்காரர். நானும் வாங்கி வந்தேன்.

கெட்டுத்தான் போகும். அது மருந்தல்ல, டால்க் மாவில் கலந்த உயிர். விதையோடு மண்ணுக்குள் போய் வேரைச் சுற்றிப் பெருகினால்தான் அதற்கு வேலை. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் மஞ்சள் கலந்த பச்சை நிறமி ஒன்றைச் சுரக்கிறது. புற ஊதா ஒளியில் அது மின்னும். 'ஃபுளோரசன்ஸ்' என்ற பெயரே அதனால் வந்ததுதான். அந்த நிறமி மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக்கொள்வதால் அழுகல் பூஞ்சாணம் இரும்பில்லாமல் தவிக்கும். கூடவே இந்தப் பாக்டீரியா, நோயை எதிர்க்கச் செடியையும் உஷார்படுத்தி வைக்கும். செத்த பாக்டீரியா எங்கே போய்க் குடியேறும்?

இதே இனத்தில் சூடோமோனாஸ் சிரிஞ்சே என்று இலைப்புள்ளி உண்டாக்கும் பாக்டீரியாவும் இருக்கிறது. பக்கத்து நிலத்து மாமா இதை எங்கேயோ கேட்டுவிட்டு, "காசு கொடுத்து நோயை வாங்குறியா?" என்று கேலி செய்தார். அப்புறம் அவரே வாங்கினார். வாங்கி, பொடியைக் கரைத்த அதே டேங்கில் காப்பர் ஆக்ஸிகுளோரைடையும் கரைத்து அடித்தார்! பாக்டீரியா நோய்க்கும் அடிக்கிற மருந்து அது. நல்லது கெட்டது பார்த்தா கொல்லும்?

இந்த வருடம் புதிதாக வந்த பாக்கெட்டாகக் கேட்டு வாங்கினேன். அரை ஏக்கர் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். நன்றாக ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். சாய்ந்தது பத்துப் பதினைந்து நாற்றுதான். மழையும் குறைவு, அதனால் முழுப் பெருமையையும் பொடிக்கே கொடுக்க மாட்டேன்.

தயாரித்த தேதியைப் பெரிதாக, அழியாத மையில் அச்சிட வேண்டும். கடைகளில் உர மூட்டைகளை எண்ண வரும் அதிகாரிகள், இந்தப் பாக்கெட்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால் விற்க விடக் கூடாது.

– ஒரு கத்தரி விவசாயி,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.