ஐரோப்பா கிளம்பும் மகளுக்கு

செங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அச்செடுத்து, பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஐந்து மாதம், பதினொரு நாடு. போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நல்லபடியாகப் போய் வா. வேலையை விட்டுவிட்டா போகிறாள் என்று உன் அம்மாவிடம் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் திட்டம் இப்படியே இருந்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வாய்.

நீ எழுதியிருக்கும் பதினொன்றுமே ஷெங்கன் நாடுகள்; அதாவது ஒரே விசாவில், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர விடும் கூட்டு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 90 நாள்தான் உனக்கு. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். ஏப்ரல் 5-ஆம் தேதி லிஸ்பனில் இறங்கினால் ஜூலை 3 உன் தொண்ணூறாவது நாள். நீயோ செப்டம்பர் முதல் வாரம்வரை எழுதி வைத்திருக்கிறாய். குரோஷியாவில் போய் நாளைக் கழித்துவிட்டுத் திரும்பலாம் என்று உன் சிநேகிதி சொன்னது பழைய கதை. 2023 முதல் குரோஷியாவும் ஷெங்கன். 2025 ஜனவரி முதல் ருமேனியா, பல்கேரியாவின் நில எல்லைகளும் அதில் சேர்ந்துவிட்டன. முன்பு அதிகாரி முத்திரைத் தேதிகளைப் புரட்டிக் கூட்டிப் பார்ப்பார். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டில் உள்ளே வந்ததும் வெளியே போனதும் கணினியில் ஏறிவிடுகிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். அடுத்த விசாவுக்கு அதுவே தடையாக நிற்கும்.

ஆகவே வரிசையை மாற்று. போர்ச்சுகல், ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி என்று முதல் 45 நாள். பிறகு இத்தாலியின் பாரி துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் காலையில் அல்பேனியாவின் துரஸில் இறங்கலாம். அங்கிருந்து மாண்டினீக்ரோ, செர்பியா. இந்த மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் அங்கே தங்கும் நாட்கள் உன் 90-இல் சேராது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் தனி விசா இல்லாமல் விடுகிறார்கள். அல்பேனியாவுக்கு மட்டும் அது பலமுறை நுழையும் விசாவாகவும், ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தியதாகவும் இருக்க வேண்டும். அதனால்தான் இவற்றைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைக்கச் சொல்கிறேன்; ஷெங்கன் விசா முடிந்தால் இந்தக் கதவுகளும் சாத்திக்கொள்ளும். டிக்கெட் எடுக்கும் முன் மூன்று நாட்டுத் தூதரக அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடு. பிறகு ஹங்கேரி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனிக்கு 40 நாள். மொத்தம் 85. மிச்சம் ஐந்து நாளைத் தொடாதே. காய்ச்சலோ வேலைநிறுத்தமோ வந்தால் அதுதான் கைகொடுக்கும். முடிவில் லண்டன், அங்கிருந்தே வீட்டுக்கு விமானம். பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பதால் இரண்டு விண்ணப்பத்துக்கும் போதிய இடைவெளி விடு.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன் அந்த ஸ்டிக்கரை நிதானமாகப் படி. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கும். அதற்குக் கீழே எத்தனை முறை நுழையலாம் என்பதும், எத்தனை நாள் தங்கலாம் என்பதும் தனித்தனியாக இருக்கும். தேதி ஆறு மாதத்துக்கு இருக்கிறதே என்று பலர் நாள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 30 என்று போட்டிருந்தால் 30-தான். நுழைவு 01 என்று இருந்தால் பாரியில் கப்பல் ஏறிய பிறகு ஹங்கேரிக்குள் விடமாட்டார்கள். அதனால் நடுவில் வெளியே போய்த் திரும்புகிறேன் என்பதை விண்ணப்பக் கடிதத்திலேயே தேதியோடு எழுது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாயோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உன் கணக்கில் அது இத்தாலி. ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்கலாம். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதை ஐந்து மாதம் முழுமைக்கும் எடு.

எல்லையைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உன் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பார்த்திருப்பாய்: திருவிதாங்கூர் சங்கு முத்திரை, கொல்லம் ஆண்டில் தேதி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீடு நகரவில்லை, வயல் நகரவில்லை, ஆனால் கேரளத்தோடு போன புனலூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் வெளி மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள். கொரோனா காலத்தில் புளியரைச் சோதனைச் சாவடி அடைபட்டபோது உன் பெரியம்மா ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் இருந்து அழுதது உனக்கும் நினைவிருக்கும். ஐரோப்பாவில் 1985-இல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில், மோசல் ஆற்றில் நின்ற கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டுத் தங்களுக்குள் சோதனையைக் கைவிட ஒப்புக்கொண்டன. அந்த ஐந்தில் ஒன்றான ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடி சோதனை போடுகிறது. சாவடி இல்லை என்று நம்பி பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு ரயில் ஏறாதே.

ரயிலைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடிக்க முடியாது. பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் எடுக்கிறாய், சரி. ஆனால் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். அந்த நாடுகளில் முன்கூட்டியே டிக்கெட் வாங்கு. பாஸை ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனிக்கு வைத்துக்கொள். மாண்டினீக்ரோவின் பார் நகரத்திலிருந்து செர்பியாவின் பெல்கிரேடுக்கு 476 கிலோமீட்டர் மலை ரயில்பாதை ஒன்று இருக்கிறது, 1976-இல் திறந்தது. மாலா ரியெகா பாலம் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. பராமரிப்புக்காக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தால் பகல் வண்டியில் போ. பணிக்காலம் முழுக்க நம் செங்கோட்டை–புனலூர் பாதையின் பதின்மூன்று கண் பாலத்தின் மேல் வண்டியில் போன ரயில்வே கார்டு உன் அப்பா; அந்தப் பாதையை எனக்காகவும் பார்த்துவிட்டு வா.

இன்னொன்று. நீ எல்லா நாளையும் நிரப்பி வைத்திருக்கிறாய். ரயில்வே கால அட்டவணையில் கடைசி நிலையத்துக்கு முன்னால் சில நிமிடம் கூடுதலாக வைப்பார்கள், வண்டி பிந்தினால் ஈடுகட்ட. உன் அட்டவணையில் அப்படி ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் எழுதாமல் விடு. துணி துவைக்கவும், தூங்கவும், பிடித்துப்போன ஊரில் இன்னொரு இரவு தங்கவும் அது வேண்டும். கிரீஸையும் செக் நாட்டையும் இந்த முறை விட்டுவிடு.

தைராய்டு மாத்திரை ஐந்து மாதத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொள். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரோடு சீட்டு எழுதி வாங்கு. கடைப்பெயர் அங்கே யாருக்கும் புரியாது. மாத்திரையைக் கைப்பையில் வை. இரவு எங்கே தங்குகிறாய் என்பதை மட்டும் தினமும் ஒரு வரி அனுப்பு, அம்மா தூங்குவாள்.

புதிய தேதிகளோடு திட்டத்தைத் திருத்தி அனுப்பு. நாள் கணக்கை நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அதன் பிறகு விமான டிக்கெட் எடு.

அன்புடன்,
அப்பா