எண்ணிக்கை வாக்கு அல்ல, எதிரெதிர் தரப்புகளின் ஒப்புதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சமூக ஊடகப் பொய்ச் செய்திகள் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அதிலுள்ள கவலை எனக்கும் உண்டு. ஆனால், பயனர்களே உண்மையைச் சரிபார்க்கும் முறையைக் ‘கும்பல் வாக்கெடுப்பு’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். அந்த வரியோடுதான் எனக்கு வழக்கு.

வாக்கெடுப்பாக இருந்தால் நானும் எதிர்ப்பேன். ஆள்பலம் உள்ள எந்த அணியும் ஒரே இரவில் மெய்யைப் பொய்யாக்கிவிடும். 2021 ஜனவரியில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ் தளம்) ‘பேர்ட்வாட்ச்’ என்ற பெயரில் அமெரிக்காவில் சோதனையாகத் தொடங்கி, 2022-இல் ‘கம்யூனிட்டி நோட்ஸ்’ என்று பெயர் மாற்றிய திட்டம் இந்த ஆபத்தை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டது. தவறான பதிவு ஒன்றுக்குப் பங்களிப்பாளர் ஒருவர் ஆதாரத்துடன் குறிப்பு எழுதுகிறார். மற்றவர்கள் அது பயனுள்ளதா என்று மதிப்பிடுகிறார்கள். இதுவரை வாக்கெடுப்பு போலத்தான் தெரியும்.

அடுத்த படியில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் கணினி முடிவு செய்வதில்லை. எப்படிப்பட்டவர்கள் ஆதரித்தார்கள் என்றும் பார்க்கிறது. ஒருவர் இதற்குமுன் எந்தக் குறிப்புகளை ஏற்றார், எவற்றை மறுத்தார் என்ற வரலாற்றிலிருந்தே அவருடைய சாய்வைக் கணிக்கிறது. எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று யாரிடமும் கேட்பதில்லை. ஒரே பக்கம் சாய்ந்த ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு குறிப்பைத் தூக்கிப் பிடித்தால், அந்த ஆதரவைச் சாய்வின் கணக்கில் எழுதிவிடுகிறது. சாய்வைக் கழித்த பிறகு மிஞ்சும் ஆதரவே அந்தக் குறிப்பின் தகுதி. வழக்கமாக ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தரப்புகள் இரண்டும் ‘இது சரிதான்’ என்றால்தான் அந்தக் குறிப்பு எல்லார் கண்ணிலும் படும். புதிதாகச் சேர்ந்தவர் எடுத்த எடுப்பில் குறிப்பு எழுதவும் முடியாது. முதலில் பிறர் குறிப்புகளை மதிப்பிட்டு, அந்த மதிப்பீடுகள் தேறியதைக் காட்டவேண்டும். இந்தக் கணக்கீட்டின் நிரலும், குறிப்புகள் மற்றும் மதிப்பீடுகளின் தரவும் பொதுவெளியில் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிச் சோதிக்கலாம். ஒரு தனியார் நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தை இவ்வளவு தூரம் திறந்து வைப்பது அபூர்வம்.

சாதாரண மக்களுக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்று கேட்பீர்கள். 2021-இல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியான ஆய்வில் 207 செய்திகளை 1,128 அமெரிக்கர்களிடம் மதிப்பிடக் கொடுத்தார்கள். அரசியல் சாய்வில் சமநிலையான சிறு குழுவின் சராசரி மதிப்பீடு, தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களின் மதிப்பீட்டோடு நன்றாகவே ஒத்துப்போனது. அந்தச் சரிபார்ப்பாளர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் அளவுக்கு அது இருந்தது! 2024-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில், கோவிட் தடுப்பூசி பற்றிய 205 குறிப்புகளின் மாதிரியை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 97.5 சதவீதம் முற்றிலும் சரியானவை என்று கண்டார்கள்.

ஆனால், தலையங்கம் கைவைத்திருக்கவேண்டிய பலவீனம் ஒன்று உண்டு. அது நேரம். எதிரெதிர் தரப்புகள் உடன்படும்வரை காத்திருக்கவேண்டும் என்பதால், எழுதப்படும் குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவை வாசகருக்குத் தெரிவதே இல்லை. தெரிபவையும் பல மணி நேரம் கழித்தே வருகின்றன. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டவர்கள், 1,500 பேரைச் சென்றடையப் பொய்யைவிட உண்மைக்குச் சுமார் ஆறு மடங்கு நேரம் பிடித்ததாகக் காட்டினார்கள். குறிப்பு ஒட்டப்பட்ட பின் மறுபகிர்வு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. நல்ல செய்திதான், அதற்குள் பொய் ஊரைச் சுற்றி வந்துவிட்டதே! தேர்தல், மதம், போர் என்று உடன்பாடு அரிதான விஷயங்களில்தான் குறிப்பு மிகவும் தேவை. அங்கேதான் அது வந்துசேரத் திணறுகிறது.

எனவே, குறிப்பு வந்துவிட்டது, இனித் தொழில்முறைச் சரிபார்ப்பு எதற்கு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வெளி அமைப்புகளின் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களைக் கொண்டு 2016-இல் தொடங்கிய திட்டத்தை அமெரிக்காவில் கைவிடுவதாக, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 ஜனவரியில் அறிவித்தது. அதற்குப் பதிலாக, எக்ஸ் தளத்தின் திறந்த நிரலையே அடிப்படையாகக் கொண்டு மார்ச்சில் குறிப்புகளைச் சோதிக்கத் தொடங்கியது. கருத்துச் சுதந்திரம்தான் காரணம் என்றார்கள். செலவு மிச்சமும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். சம்பளம் வாங்காத பங்களிப்பாளர் ஓர் ஆவணத்தின் மூலத்தைத் தேடிப் போவதற்கும், தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதற்கும் எல்லை உண்டு. அவர் ஆதாரமாகச் சுட்டுபவற்றில் தொழில்முறைச் சரிபார்ப்பாளர்களின் கட்டுரைகளும் உண்டு. ஊற்றை அடைத்துவிட்டுக் குழாயைப் பெரிதாக்கி என்ன பயன்?

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. முன்பு பொய் என்று குறிக்கப்பட்ட பதிவு, மெட்டா தளங்களில் குறைவான பேருக்குக் காட்டப்பட்டது. குறிப்பு பெறும் பதிவுக்கு அப்படி எந்தத் தண்டனையும் கிடையாது என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

யூடியூப் 2024-இல் அமெரிக்காவில் இதே போன்ற குறிப்புகளைச் சோதிக்கத் தொடங்கியது. டிக்டாக் 2025-இல் ‘ஃபுட்நோட்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அதுவும் அமெரிக்காவில்தான். ஆகவே, தளங்களை ஏற்கவைப்பது எப்படி என்ற கேள்வி பாதி பழையதாகிவிட்டது. எந்த நிபந்தனைகளோடு ஏற்கவைப்பது என்பதே இப்போதைய கேள்வி. ‘நாங்களும் குறிப்பு வைத்திருக்கிறோம்’ என்று ஒரு பொத்தானைக் காட்டித் தப்பித்துக்கொள்ள விடக்கூடாது. நிரலும் தரவும் வெளியே வராத குறிப்புத் திட்டத்தை நான் நம்பமாட்டேன். நிறுவனத்துக்குப் பிடிக்காத குறிப்பு அமுக்கப்பட்டால், அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க அந்தத் திறந்த நிரலும் தரவுமே வழி. கட்டண விளம்பரங்களுக்கும் குறிப்பு எழுத முடியவேண்டும். மோசடி முதலீட்டுத் திட்டங்கள் விளம்பர உருவிலும் வருகின்றனவே? குறிப்பு பெற்ற பதிவுக்கு விளம்பர வருவாயில் பங்கு கிடையாது என்று எக்ஸ் 2023 அக்டோபரில் விதி கொண்டுவந்தது. பார்வைக்குப் பணம் கொடுக்கும் எல்லாத் தளங்களுக்கும் அந்த விதி பொருந்தவேண்டும். பொய்யை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, அதில் வரும் பணத்தை நிறுத்துவது வேகமாக வேலை செய்யும்.

மொழியும் இருக்கிறது. எதிரெதிர் தரப்புகளின் ஒப்புதல் கிடைக்க, இரு தரப்பிலும் போதிய மதிப்பீட்டாளர்கள் வேண்டும். ஆங்கிலத்தில் அது எளிது. தமிழ் போன்ற மொழிகளில் பங்களிப்பாளர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு தளங்களுடையது. எங்கள் மொழியில் விளம்பரம் விற்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போகாது.

இதைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா? எது உண்மை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எந்த அரசுக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால், திறந்த புத்தகமாக இரு என்று உத்தரவிடுவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022-ஆம் ஆண்டு டிஜிட்டல் சேவைகள் சட்டம், அங்கே மாதம் குறைந்தது 4.5 கோடிப் பயனர்களைக் கொண்ட தளங்கள் தங்களால் சமூகத்துக்கு விளையும் அபாயங்களை மதிப்பிட்டுக் குறைக்கவேண்டும் என்கிறது. ஆய்வாளர்களுக்குத் தரவு கிடைக்கவும் வழி செய்கிறது. பின்பற்றத்தக்க பாதை அது.

வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி செய்தி பூட்டியிருப்பதால் இது நடக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். தைவானில் 2016 முதல் ‘கோஃபேக்ட்ஸ்’ என்ற தன்னார்வத் திட்டம் நடக்கிறது. லைன் என்ற செய்திப் பரிமாற்றச் செயலியில் சந்தேகமான செய்தி வந்தால், பெற்றவரே அதை ஒரு தானியங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்; தன்னார்வலர்கள் எழுதிய பதில் திரும்பி வருகிறது. பூட்டை உடைக்கவேண்டிய தேவையே எழவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குறிப்பு வருவதற்கு முன்பே ஒரு பதிவை விரும்பியவர்களுக்கும் மறுபகிர்ந்தவர்களுக்கும் எக்ஸ் தளம் பின்னர் தகவல் அனுப்புகிறது. பார்த்து, நம்பி, எதையும் தொடாமல் நகர்ந்துவிட்டவர்களுக்கு அனுப்புவதில்லை; அவர்களே எண்ணிக்கையில் அதிகம். யார் எதை எத்தனை நொடி பார்த்தார்கள் என்பதை விளம்பரத்துக்காக அளக்கும் நிறுவனங்களால், அதே ஆட்களுக்கு ஒரு திருத்தத்தை ஏன் அனுப்ப முடியாது? அடுத்தமுறை இந்நிறுவனங்களின் பிரதிநிதியைத் தங்கள் இதழ் பேட்டி காணும்போது இதைக் கேட்டு, பதிலை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களில் ஒருவர்