செயலாளர் ஆண்டறிக்கை 2025: மேடைக்கு முன்னால் ஒரு நல்ல பதிவு

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, டவுண், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் முதல் அம்பாசமுத்திரம், தென்காசி வரையிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, இசைக்குழுப் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிய உறுப்பினர் பட்டியலும் சந்தா பாக்கியும் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கின்றன. நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு சங்கத்தின் பணமும் உழைப்பும் ஏறத்தாழ முழுக்க ஒரே காரியத்துக்குப் போயின. எந்த இசைத்தட்டுக் கம்பெனியோடும் ஒப்பந்தம் இல்லாத நம் ஊர் ஹெவி மெட்டல் (கனத்த ராக் இசை) குழுவின் நான்கு பாட்டுகளை ஒழுங்காக ஒலிப்பதிவு செய்தோம். அதற்காக ஆண்டு விழாவைத் தள்ளி வைத்தோம், டி-ஷர்ட் அடிக்கவில்லை. ஏன் இப்படி என்று கேட்ட உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் கேட்டது நியாயம். விரிவாகவே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அஞ்சலி. ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் இந்த இசையின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் ஆதி உறுப்பினர் நால்வரும் 2005க்குப் பிறகு முதல் தடவையாக ஒரே மேடையில் வாசித்ததைக் கட்டணம் கட்டி இணையத்தில் சேர்ந்து பார்த்தோம். அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். ஜூலை 22 அன்று அவர் காலமானார். அந்த வாரமே அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். அதில் அதிகம் பேசப்பட்டது அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியைப் பற்றி. இடக்கைப் பழக்கமுள்ள அவருக்கு 17 வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் கம்பியை அழுத்தும் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, வலி குறையக் கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். இன்று உலகம் முழுக்கக் கேட்கிற அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலிக்கு அதுவும் ஒரு காரணம். நம் குழுவின் கிட்டார்காரத் தம்பி பகலில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார்.

இனி பதிவு பற்றி. சென்ற ஆண்டு வரை மேடை கிடைத்தால் போதும் என்றே ஓடினோம். கல்லூரி விழாவில் வாசித்தார்கள், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் வாசித்தார்கள். ஒரு கல்லூரியில் எல்லாம் பேசி முடித்து, டிரம்செட்டை வேனில் ஏற்றிய பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேடை கிடைத்த இடத்திலும் பேச்சுக்கும் சினிமாப் பாட்டுக்கும் பழகிய மைக்செட்தான். இரண்டு கிட்டாரும் டிரம்மும் அதில் ஏறினால் பாட்டு கூழாகிவிடும். யாரோ போனில் எடுத்த அந்தக் கூழைத்தான் சென்னை, பெங்களூர் ஏற்பாட்டாளர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். பதில் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஊரிலிருந்து வருகிற குழுவை அவர்கள் வேறு எதை வைத்து எடைபோடுவார்கள்?

இந்த இசையின் வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழு 1978 டிசம்பர் 30, 31 தேதிகளில், ஒப்பந்தம் ஏதும் இல்லாத காலத்தில், கேம்பிரிட்ஜில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு லண்டனில் ராக் இசை போடுகிற ஒரு டி.ஜே.யிடம் போனார்கள். அவர் போடப் போடக் கேட்டவர்கள் திரும்பக் கேட்டார்கள். 1979 நவம்பரில் அதில் மூன்று பாட்டுகளைத் தாங்களே தட்டாக அடித்துத் தபாலில் விற்றார்கள். அடித்தது 5,000 பிரதி. பெரிய கம்பெனி அதே ஆண்டு இறுதியில்தான் கையெழுத்துப் போட்டது. 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அதே குழுவைப் பார்க்க ரயிலேறியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். 2011 அக்டோபர் 30 அன்று அங்கேயே அமெரிக்காவின் மெட்டாலிகா குழுவைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். மெட்டாலிகாவும் 1982இல் ஒரு டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டாகக் கைக்குக் கை மாறித்தான் ஊர் ஊராகப் பரவியது.

நம் பக்கத்திலேயே சான்று வேண்டுமென்றால் காருகுறிச்சி அருணாசலத்தைச் சொல்லலாம். 1964இல் மறைந்த அவருடைய நாகஸ்வரத்தை, அவர் வாசிப்பை நேரில் கேட்டிராத நாம் இன்றும் கேட்கிறோமே, எதனால்? இசைத்தட்டும் வானொலியும் இருந்ததால்தானே!

சேரன்மகாதேவி ரோட்டில் மூடிக் கிடந்த அரிசி ஆலையைப் பதிவுக்கூடமாக்க வாடகையில்லாமல் தந்த உறுப்பினருக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டுவோம் என்று பலர் சொன்னார்கள். எதிரொலியை அது கொஞ்சம் குறைக்குமே தவிர சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. பழைய பஞ்சு மெத்தைகளைச் சேகரித்துத் தொங்கவிட்டோம். அது வேலை செய்தது. அடுத்த தொல்லை கிட்டாரில் ஓயாமல் கேட்ட இரைச்சல். பிக்கப்பை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், நிற்கவில்லை. கடைசியில் எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஆலைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் அடங்கியது. அன்று முதல் பதிவுக்கு முன்னால் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் கடைக்குட்டி உறுப்பினரின் பொறுப்பு.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பதும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. அக்கம்பக்கத்தார் புகார் சொல்ல நாம் இடம் வைக்கக் கூடாது. ஆகவே டிரம்மை மாலையில் முடித்துக்கொண்டு, இரவில் கிட்டாரையும் பேஸையும் ஸ்பீக்கர் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒவ்வொரு கிட்டார் பகுதியையும் இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைத்தோம். ஒரே வாசிப்பைப் பிரதி எடுத்துப் போட்டால் அந்த அகலம் வராது. இரண்டும் இம்மியும் பிசகாமல் சேர வேண்டும். தம்பி பட்டறையிலிருந்து நேராக வந்து விடிய விடிய வாசித்தார்.

எல்லாவற்றையும்விட நான் பெருமையாகச் சொல்ல விரும்புவது மகுடம் என்ற தோல்வாத்தியம் பற்றி. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் மகுடம் அடித்துப் பாடும் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சாமக் கொடையில் மகுடம் முறுகும்போது உடம்பில் ஏறுவது என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றாவது பாட்டில் அதைச் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது செயற்குழு இரண்டு நிபந்தனை வைத்தது. கொடைக்கு அவர்கள் வாங்குகிற சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பாட்டை வாசித்தவர்கள் என்று கூத்தை நடத்திப் பாடும் அண்ணாவியின் பெயரும் மகுடம் அடித்த இருவரின் பெயரும் குழுவின் பெயர்களோடு சமமாக வர வேண்டும். இரண்டும் நிறைவேறின.

அண்ணாவி வந்து உட்கார்ந்து பாட்டை முழுக்கக் கேட்டார். நம் குழு கிட்டார் கம்பிகளை வழக்கத்தைவிட நன்றாகத் தாழ்த்தி வைத்திருப்பதால் அடிப்பகுதி முழுக்க உறுமல்தான். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, ஒங்க கம்பியே அடியில ஒறுமிக்கிட்டு கெடக்கு. அதுக்கு மேல மந்தத்தப் போட்டா ரெண்டும் சேந்து கொழம்பிரும். அது ஒறுமுதப்போ உச்சம் பேசட்டும். அது நிக்கும்போ மந்தத்த எடுப்போம்." மேல் ஒலி தரும் உச்ச மகுடம், தாழ்ந்த ஒலி தரும் மந்த மகுடம் இரண்டையும் வைத்து எந்த ஒலிக்கு எங்கே இடம் என்று அவர் பிரித்துக் கொடுத்தார். சென்னையில் ஒலிப்பதிவு படித்த நம் உறுப்பினர், மிக்ஸிங்கில் தானும் அதையேதான் செய்திருப்பேன், ஆனால் அதற்கு நாள் கணக்கில் ஆகியிருக்கும் என்றார்.

காதில் தாளம் காட்டும் கிளிக் ஒலியைப் போட்டு வாசிக்க மகுடக்காரர்களுக்குச் சம்மதமில்லை. அதனால் முறையைத் திருப்பினோம். அவர்களுடைய அடியை முதலில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டு டிரம்மும் கிட்டாரும் வாசித்தன. முடிவுக்கு வர வர வேகம் கூடுகிறது, கொடையில் கூடுகிற மாதிரியே. சரிப்படுத்தச் சொன்னவர்கள் இருந்தார்கள். விட்டுவைத்தோம். இரவு ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் வெளியே ஓலையைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சினார்கள். காய்ச்சிய சூட்டில் முதல் சில நிமிடம் விழும் அடியே கணீரென்று இருந்தது. பாட்டில் நீங்கள் கேட்கப்போவது அதுதான்.

அந்தப் பாட்டு 1999 ஜூலை 23 பற்றியது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கு வந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்து, தாமிரபரணியில் 17 உயிர் போனதே, அதைத்தான் பாடுகிறார்கள். ஒரு குழந்தையும் அதில் உண்டு. பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று மந்த மகுடம் மட்டும் 17 தடவை விழும். அந்தப் பாட்டை இப்போது வெளியிடலாமா, கொஞ்சம் ஆறப்போடலாமா என்று செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. இந்த இசை பிறந்ததிலிருந்தே போரையும் சாவையும் அதிகாரத்தையும் பாடி வந்திருக்கிறது. நம் ஆற்றில் நடந்ததை நம் குழு பாடாமல் வேறு யார் பாடுவது? சேர்ப்பது என்று முடிவானது. அந்த நாளை நேரில் கண்ட மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டுவிட்டு, பாட்டில் ஒரு வரியை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றினார்கள்.

தமிழில் பாடினால் வெளியே எடுபடாது, ஆங்கிலத்தில் பாடட்டும் என்ற கருத்து இந்த ஆண்டும் வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் கருத் பகுதியில் பள்ளி மாணவிகளாகத் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்டின் மூன்று பெண்கள் தங்கள் சுண்டா மொழியிலும் பாடுகிறார்கள். 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா மேடை ஏறினார்கள். டெல்லியின் பிளட்டிவுட் குழு இந்தியும் பஞ்சாபியும் பாடி, டோல் அடித்து, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசைவிழாவுக்குப் போனது. சொந்தப் பாட்டுகளின் முதல் ஆல்பத்தை 2022இல் தாங்களே வெளியிட்டார்கள். கம்பெனி பிறகுதான் வந்தது. நம் பாடகர் நெல்லைத் தமிழில் உறுமும்போது "ஏலே" என்கிற ஒரு விளிக்கே கூட்டம் எழுந்துவிடுகிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிரம் வாசிக்கும் தங்கச்சி சர்ச் கொயரில் பழகியவர். இது சாத்தான் பாட்டு என்று யாரோ சொல்லி வீட்டில் கலக்கம் ஏற்பட்டது. அவருடைய அம்மா பயிற்சிக்கே வந்து, பாட்டு வரிகளை வாங்கிப் படித்துவிட்டு, தேர்வு நேரத்தில் மட்டும் பயிற்சி வேண்டாம் என்றார். அவர் கேட்டபடியே அட்டவணையை மாற்றினோம்.

பதிவுக் கோப்புகளை மூன்று பிரதியாக மூன்று ஊர்களில் வைத்திருக்கிறோம். அயர்ன் மெய்டன் அந்த முதல் பதிவின் மூல நாடாவான மாஸ்டர் டேப்பை வாங்கக் காசில்லாமல் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்தபோது அது அழிக்கப்பட்டிருந்தது. நம்மிலும் ஒருவர், ஜங்ஷன் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து சேர்த்த கேசட்டுகள் அத்தனையையும் 2023 டிசம்பர் வெள்ளத்தில் இழந்தார்.

அடுத்த ஆண்டுக்கான வேலைகள் கண்முன் இருக்கின்றன. நான்கு பாட்டுகளும் இணையத்தில் வெளியாகும். மூலப் பதிவின் உரிமை குழுவிடமே இருக்கும். ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்பட்டால்தான் ஸ்பாட்டிஃபையில் பணமே கணக்காகும் என்பது 2024 முதல் உள்ள நிலை. ஆகவே காசை எதிர்பார்த்து இதைச் செய்யவில்லை என்பதைப் பெற்றோர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாடலாசிரியரும் இசையமைத்தவர்களும் பாட்டுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராக விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தமில்லாத குழுக்களுக்காக வாக்கன் விழா 2004 முதல் நடத்தும் போட்டியின் தகுதிச் சுற்று நம் பகுதிக்கு அறிவிக்கப்பட்டால் விண்ணப்பிப்போம். வாக்கனே ஏறத்தாழ 2,000 பேர் வாழும் கிராமம்தான். நம் சேரன்மகாதேவி அதைவிடப் பெரிய ஊர்.

உறுப்பினர்களிடம் கேட்பது இரண்டு. பாட்டு வெளியான முதல் வாரம் அதைப் போனில் மட்டும் கேட்காமல், நல்ல ஸ்பீக்கரில் நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். பிடிக்காததைப் பிள்ளைகளிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், தாங்கிக்கொள்வார்கள். இரண்டாவது, சந்தா பாக்கியைப் பங்குனிக்குள் கட்டிவிடுங்கள். மேடைக்குச் சொந்தமாக மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கும் தீர்மானம் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

ஆலை தந்தவருக்கும், எர்த் குழி தோண்டிய அண்ணாச்சிக்கும், அண்ணாவிக்கும் மகுடக் கலைஞர்களுக்கும், இரவெல்லாம் டீ போட்டுத் தந்த பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். இது முடிந்ததும் மூன்றாவது பாட்டை இங்கேயே போடுகிறோம். அண்ணாவியும் வந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்